நெஞ்சு வலிக்கிறதா? ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லாதீர்கள்!

இரவு 11 மணி. குரோம்பேட்டையில் ஒரு சின்ன வீடு. என் பெரியப்பா சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, என்ன செய்யுது?" என்று பெரியம்மா ஓடி வந்தார்.

"நெஞ்சு மேலே யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கு. வாயுதான். ராத்திரி உருளைக்கிழங்கு சாப்பிட்டேன் இல்லே?" என்றார் பெரியப்பா.

சோடா வந்தது. குடித்தார். ஓமத் தண்ணீர் வந்தது. அதையும் குடித்தார். முதுகில் தைலம் தேய்த்தார்கள். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. "வேர்த்துடுச்சு. இனிமே சரியாயிடும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எல்லோரும் படுக்கப் போனார்கள்.

விடியற்காலை 4 மணிக்குப் பெரியப்பா இல்லை. அவருக்கு வயது 58.

மாரடைப்பு என்றார் டாக்டர். "ராத்திரியே கொண்டு வந்திருந்தால்..." என்று ஆரம்பித்தார். பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார். பேச்சை அதோடு நிறுத்திவிட்டார்.

இது ஒரு கதை. இதற்கு நேர் எதிரான கதை ஒன்று உண்டு. அது என் கதை.

பல்லாவரத்தில் இறங்கினேன்

பெரியப்பா காலமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். நல்ல கூட்டம். சானடோரியம் தாண்டியது. இடது மார்பில் சுருக்கென்று ஒரு வலி. பின்பக்கம், தோள்பட்டை எலும்புக்குக் கீழே, யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல் இருந்தது. குரோம்பேட்டை வந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு முழுதாக உள்ளே போகவில்லை.

‘பெரியப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது’ என்று நினைத்தேன். எனக்கு வயது 36.

பல்லாவரத்தில் இறங்கினேன். ஆட்டோ பிடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இ.சி.ஜி. எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். சில மணி நேரம் படுக்க வைத்து மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். கடைசியில் ஒரு டாக்டர் வந்தார். "ஒன்றுமில்லை. போய் வேலையைப் பாருங்கள்" என்றார்.

மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்தேன். மகிழ்ச்சி பத்து நாள் நீடித்தது. பதினோராம் நாள் அதே வலி!

வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கும் ஒன்றுமில்லை. நாலு மாதத்தில் ஐந்து இ.சி.ஜி., இரண்டு எக்கோ, ஒரு டிரெட்மில் பரிசோதனை. ஒரு மாதச் சம்பளம் போயிற்று. ஒவ்வொரு தடவையும் அதே சொல். ‘ஒன்றுமில்லை.’

வீட்டிலும் மெல்ல மெல்லப் பேச்சு மாறியது. "டாக்டரே ஒண்ணுமில்லேங்கிறார். நீங்க ஏன் இப்படிப் பண்றீங்க?" என்றாள் மனைவி. ஆபீசில் ஒரு நண்பர், "லீவு போட நல்ல வழி கண்டுபிடிச்சே!" என்று சிரித்தார்.

ஒன்றுமில்லாமலா இவ்வளவு வலிக்கிறது? நான் பொய் சொல்கிறேனா? எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இரண்டு வாக்கியங்கள்

கடைசியில் மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் வயதான டாக்டரிடம் போனேன். அவர் என் காகிதங்களை எல்லாம் வாங்கினார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"மாடிப்படி ஏறினால் வலிக்கிறதா?"

"இல்லை, டாக்டர்."

"ரயிலைப் பிடிக்க ஓடினால்?"

"ஓடும்போது வலிப்பதில்லை. உட்கார்ந்த பிறகுதான் வலிக்கிறது."

"மாதத்தில் எந்த நாட்களில் அதிகம்?"

யோசித்தேன். "மாத ஆரம்பத்தில்."

"அப்போது என்ன?"

"ஐந்தாம் தேதி வீட்டுக் கடன் தவணை."

அவர் என் மார்பில் விலா எலும்பு சேரும் இடத்தில் விரலால் அழுத்தினார். "அம்மா!" என்று கத்திவிட்டேன். நான் நாலு மாதமாகப் பயந்து ஓடிய அதே வலி! அடுத்து, தோள்பட்டைக்கு உள்பக்கம் அழுத்தினார். அங்கேயும் அதே வலி.

பிறகு அவர் இரண்டு வாக்கியம் சொன்னார். "உங்கள் இருதயம் நன்றாக இருக்கிறது. உங்கள் வலியும் நிஜம்."

முதல் வாக்கியத்தைப் பலர் எனக்குச் சொல்லியிருந்தார்கள். இரண்டாவது வாக்கியத்தை அன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

வலி எங்கிருந்து வருகிறது?

இருதயத்தில் கோளாறு இல்லை என்றால் வலி எப்படி வரும்? டாக்டர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன்.

ராத்திரி நேரத்தில் தெரு நாய் ஒன்று துரத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே உடம்பில் அட்ரினலின் என்ற ரசம் ஊறுகிறது. இருதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சு வாங்குகிறது. தசைகள் முறுக்கேறுகின்றன. ஓடுகிறோம். வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்துகிறோம். ஐந்து நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. இது உடம்பு நமக்குச் செய்யும் உதவி.

ஆனால் கடன் தவணைக்குக் கால் கிடையாது. அது தெருவில் துரத்துவதில்லை. மனத்துக்குள் துரத்துகிறது. உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நாய்க்கு ஊறிய அதே ரசம்தான் கடனுக்கும் ஊறுகிறது. ஓட வழியில்லை. ஆகவே முறுக்கேறிய தசை முறுக்கேறியபடியே இருக்கிறது.

உங்கள் கையை இறுக்கி மூடிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் அப்படியே வைத்துப் பாருங்கள். கை வலிக்கும். கவலைப்படுகிறவர் தம் தோளையும் மார்பையும் முதுகையும் காலை முதல் இரவு வரை அப்படி இறுக்கி வைத்திருக்கிறார். அது அவருக்கே தெரிவதில்லை. வலிக்காமல் என்ன செய்யும்? போதாததற்கு மோட்டார் சைக்கிளில் ஜி.எஸ்.டி. சாலை நெரிசல். முதுகில் கனத்த பை. குனிந்த தலையோடு கையில் செல்போன்.

மூச்சும் ஒரு காரணம். பயந்தவர் வேகமாக மூச்சு விடுகிறார். உடம்பிலுள்ள கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியே போய்விடுகிறது. அதனால் விரல்கள் மரக்கின்றன. தலை சுற்றுகிறது. நெஞ்சு இறுகுகிறது. உண்மையில் அவர் தேவைக்கு மேல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் மூச்சு போதவில்லை என்றே அவருக்குத் தோன்றுகிறது. இன்னும் வேகமாக இழுக்கிறார். நிலைமை இன்னும் மோசமாகிறது.

வயிறும் சேர்ந்துகொள்ளும். கவலையோடு நேரங்கெட்ட சாப்பாடு, ஆறு வேளை காபி. வயிற்றிலுள்ள அமிலம் உணவுக் குழாயில் மேலே ஏறுகிறது. உணவுக் குழாய் இருதயத்துக்குப் பின்னால்தான் போகிறது. எரிச்சல் நெஞ்சில் தெரிகிறது.

இருதயம், உணவுக் குழாய், மார்புச் சுவர் மூன்றிலிருந்தும் வரும் வலிச் செய்திகள் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன. மூன்று குடித்தனத்துக்கு வாசலில் ஒரே மணி இருக்கிற வீடு மாதிரி. மணி அடித்தால் யார் வீட்டுக்கு விருந்தாளி என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. மூளைக்கும் அந்தத் திண்டாட்டம்தான்.

நம் தமிழைப் பாருங்கள். மார்புக்கும் நெஞ்சு என்றுதான் பெயர். மனத்துக்கும் நெஞ்சு என்றுதான் பெயர். துக்கம் வந்தால் ‘நெஞ்சு அடைக்கிறது’ என்கிறோம். ‘நெஞ்சு கனக்கிறது’ என்கிறோம். மனத்தின் பாரம் மார்பில் இறங்கும் என்பது பேச்சு வழக்கிலேயே இருக்கிறது.

போர்வீரர்களின் இருதயம்

இது கோழைகளுக்கு வரும் வியாதி என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சரித்திரம் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. அப்போது பிலடெல்பியா நகரத்து ராணுவ ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர் ஜேக்கப் மென்டிஸ் டா கோஸ்டா பணியாற்றினார். போர்முனையிலிருந்து வந்த பல வீரர்கள் ஒரே குறையைச் சொன்னார்கள். நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத் திணறல், களைப்பு. அவர் இருதயத்தைச் சோதித்துப் பார்த்தார். பலருக்கு இருதயத்தில் எந்த நோயும் தெரியவில்லை. அப்படி 300 வீரர்களை ஆராய்ந்து 1871-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்தக் கோளாறுக்கு ‘போர்வீரரின் இருதயம்’ என்ற பெயர் நிலைத்தது.

முதல் உலகப் போரிலும் இதே கதைதான். பிரிட்டிஷ் வீரர்கள் ஆயிரக்கணக்கில் ‘இருதய நோயாளிகள்’ ஆனார்கள். டாக்டர் தாமஸ் லூயிஸ் அவர்களைப் படுக்கையில் போட்டு வைக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தேகப்பயிற்சி கொடுத்தார். பலர் தேறி எழுந்தார்கள். 1941-ல் பால் வுட் என்ற இருதய நிபுணர், இதன் வேர் பெரும்பாலும் பயத்திலும் கவலையிலும் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார்.

பீரங்கிக்கு முன்னால் நின்றவர்கள் அவர்கள். அவர்களைக் கோழைகள் என்று யார் சொல்வார்கள்? வலி வந்தது பலவீனத்தால் அல்ல. தாங்க முடியாததைப் பல நாள் தாங்கியதால் வந்தது.

நெஞ்சுக்குப் பேர்போன ஊர்

நெஞ்சு நோய்க்கும் தாம்பரத்துக்கும் பழைய உறவு. ரயிலில் போகிறவர்கள் எல்லோருக்கும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற ஸ்டேஷன் தெரியும். டாக்டர் சவுரி முத்து 1928-ல் அங்கே காசநோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனை தொடங்கினார். அதிலிருந்து வந்த பெயர் அது. இன்று அது அரசு நெஞ்சக மருத்துவமனை.

அதே டாக்டர் முத்து, முன்பு இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் ஒரு சானடோரியம் நடத்தினார். அங்கே அவரிடம் சிகிச்சைக்குச் சேர்ந்தவர்களில் ஒருவர் கணித மேதை ராமானுஜன்! ராமானுஜனுக்குக் காசநோய் என்றே அக்கால டாக்டர்கள் பெரும்பாலும் கருதினார்கள். 1920-ல் அவர் மறைந்தார். பிறகு 1994-ல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய குறிப்புகளை எல்லாம் ஆராய்ந்தார். அது காசநோயாக இருக்காது, அமீபாக் கிருமியால் கல்லீரலில் வந்த நோயாக இருக்கலாம் என்று எழுதினார்.

ஒரு நோய் இன்னொரு நோயின் வேஷம் போட்டு வரும். பெரிய மேதைக்கும் வரும். பெரிய டாக்டர்களும் ஏமாறுவார்கள். அப்படியிருக்க, வீட்டில் உட்கார்ந்துகொண்டு ‘இது வாயு’, ‘இது கவலை’ என்று நாமே தீர்ப்புச் சொல்லலாமா?

அந்தக் காலத்தில் இருமல் வந்தால் காசநோயோ என்று பயந்தார்கள். இந்தக் காலத்தில் நெஞ்சு வலித்தால் மாரடைப்போ என்று பயப்படுகிறோம். பயம் நியாயமானதே. இந்தியர்களுக்கு இருதய நோய் மேல்நாட்டாரைவிடச் சுமார் பத்து வருஷம் முன்னதாகவே வருகிறது. ஆனால் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் இருதயம் காரணமல்ல. இந்த இரண்டு உண்மையையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

கவலையும் கொல்லும்

‘கவலையால் வந்த வலிதானே, ஆபத்தில்லை’ என்று கையை உதறிவிடவும் முடியாது.

லண்டனில் ஜான் ஹன்ட்டர் என்று ஒரு பெரிய அறுவை மருத்துவர் இருந்தார். அவருக்கு இருதய வலி உண்டு. கோபம் வந்தால் வலியும் வரும். தன்னைச் சீண்டுகிற எந்தப் போக்கிரியின் கையிலும் தன் உயிர் இருக்கிறது என்று அவர் சொல்வாராம். 1793-ல் ஆஸ்பத்திரிக் கூட்டம் ஒன்றில் வாக்குவாதம் வந்தது. அறையைவிட்டு வெளியே வந்தார். விழுந்தார். இறந்தார்.

ஜப்பானில் 1990-ல் டாக்டர்கள் இன்னொரு விசித்திரத்தை எழுதினார்கள். பெரிய துக்கமோ அதிர்ச்சியோ வந்ததும் சிலருக்கு இருதயத்தின் ஒரு பகுதி பலூன் போல் உப்பிவிடுகிறது. மாரடைப்பின் அடையாளங்கள் எல்லாம் இருக்கும். ஆனால் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்காது. ஜப்பானிய மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்க வைக்கும் பானையின் வடிவத்தில் இருதயம் தெரிவதால் ‘டாக்கோட்சுபோ’ என்று அந்தப் பானையின் பெயரையே வைத்தார்கள். நடு வயதைத் தாண்டிய பெண்களுக்கு இது அதிகம். பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். சிலர் உயிருக்கு ஆபத்தும் வந்துவிடுகிறது.

இந்தியா உள்ளிட்ட 52 நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சி 2004-ல் வெளிவந்தது. மாரடைப்புக்கு வழிவகுக்கும் ஒன்பது காரணங்களை அது பட்டியல் போட்டது. புகை, ரத்தக் கொதிப்பு, நீரிழிவு ஆகியவற்றோடு மன அழுத்தத்தையும் அதில் சேர்த்தது.

ஆகவே, கவலையால் வந்த வலியைக் கவனிப்பது வீண் வேலையல்ல. நாளைக்கு வரப்போகும் மாரடைப்பை இன்றைக்கே தடுக்கும் வேலை.

முதலில் இருதயம், பிறகுதான் மற்றவை

அப்படியானால் என்ன செய்வது? வரிசை முக்கியம்.

நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி அழுத்துகிறதா? வலி இடது கைக்கோ, தாடைக்கோ, முதுகுக்கோ பரவுகிறதா? குப்பென்று வேர்க்கிறதா? மூச்சு முட்டுகிறதா? நடந்தால் அதிகமாகி, நின்றால் குறைகிறதா? ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். 2008 முதல் தமிழ்நாட்டில் இந்த இலவச ஆம்புலன்ஸ் ஓடுகிறது. நோயாளி தாமே வண்டி ஓட்டிக்கொண்டு போகக்கூடாது.

ஊசி குத்துவது போன்ற வலி, அழுத்தினால் கூடுகிற வலி, உடம்பைத் திருப்பினால் மாறுகிற வலி ஆகியவை பெரும்பாலும் தசையின் வலி. ஆனால் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அதை வைத்துக்கொண்டு வீட்டிலேயே முடிவு செய்யக்கூடாது. பெண்களுக்கும், வயதானவர்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும் மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமலும் வரும். வெறும் களைப்பாக வரும். வாந்தியாக வரும். முதுகுவலியாக வரும்.

இ.சி.ஜி. எடுக்கச் சில நிமிடம் போதும். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த பத்து நிமிடத்துக்குள் அதை எடுக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தாலும் சில சமயம் மாரடைப்பு ஒளிந்திருக்கும். அதனால்தான் ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். இருதயத் தசை சேதமானால் அது ரத்தத்தில் காட்டிக் கொடுத்துவிடும். டாக்டர் ‘இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள்’ என்றால் இருங்கள்.

தமிழக அரசு 2023-ல் ‘இதயம் காப்போம்’ என்ற திட்டம் கொண்டு வந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு 14 மாத்திரைகள் உடனே கொடுக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4. கொழுப்பைக் குறைக்க அடோர்வாஸ்டாட்டின் 8. பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். இதைப் படித்துவிட்டு நீங்களாக மருந்துக் கடையில் வாங்கி விழுங்கக்கூடாது. அறிகுறியைப் பார்த்துச் சுகாதார நிலையத்தில் கொடுக்க வேண்டிய மருந்து அது.

என் பெரியப்பா குடித்த சோடாவுக்குப் பதிலாக இவற்றில் ஏதாவது ஒன்று நடந்திருந்தால்! இன்று அவர் பேரனைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போய்க்கொண்டிருப்பாரோ என்னவோ.

பரிசோதனை முடிந்த பிறகு

இருதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் தீர்மானமாகச் சொல்லிவிட்டால், அந்தக் கதவை மூடிவிட வேண்டும். நான் செய்த தவறு அதை மூடாததுதான். ஒவ்வொரு பரிசோதனையும் எனக்குப் பத்து நாள் நிம்மதியை விற்றது. பிறகு மறுபடி வாங்கப் போனேன். புதிதாக வேறு மாதிரி வலி வந்தால் மறுபடி போக வேண்டியதுதான். அதே வலிக்கு ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி அலைவது பயத்துக்குத் தீனி போடுவதாகும்.

படபடப்புக்கு ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் காரணமாகலாம். அவற்றையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. எனக்கு அவை இல்லை.

எங்கள் டாக்டர் எனக்குச் சொன்ன வைத்தியம் எளிமையானது. தினமும் அரை மணி நேரம் நடை. காபி இரண்டு வேளையோடு சரி. வலி வந்தால் உட்கார்ந்து, தோளைத் தளர்த்தி, மெதுவாக மூச்சை உள்ளே இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விட வேண்டும். இதற்கும் அடங்காவிட்டால் மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும். பேச்சு மூலம் சிகிச்சை உண்டு. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. 2022 முதல் 14416 என்ற எண்ணில் ‘டெலி மனஸ்’ சேவை இருக்கிறது. பகலோ இரவோ தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது.

கடைசியாக அவர் ஒன்று சொன்னார். "தவணை விஷயத்தை வீட்டில் சொன்னீர்களா?"

சொல்லவில்லை. அன்று இரவு சொன்னேன். மனைவி கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இதைச் சொல்ல நாலு மாசமா?" என்றாள். வருமானம் ஒரு ரூபாயும் கூடவில்லை. ஆனால் பாரம் பாதியாயிற்று.

இந்தப் பக்கத்து வாழ்க்கை

இது எனக்கு மட்டும் வந்த கதையல்ல. எழுத ஆரம்பித்த பிறகு தெரிந்தவர்களை எல்லாம் கேட்டுப் பார்த்தேன். பெருங்களத்தூர், வண்டலூர், சேலையூர், முடிச்சூர்... எங்கும் ஒருவர் இருவர் இருக்கிறார்கள்.

1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. அன்றிலிருந்து இது பட்டணத்தில் வேலை பார்த்து இங்கே வந்து தூங்குகிறவர்களின் ஊர். இன்று தாம்பரம் ஒரு மாநகராட்சி. வீடு இங்கே. வேலை எங்கேயோ. நடுவில் ஓட்டம். சம்பளத்தில் பாதியைத் தவணை தின்கிறது. மீதியைப் பள்ளிக்கூடம் தின்கிறது.

முடிச்சூர்ப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மாள் இருக்கிறார். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை மூழ்கடித்தபோது மொட்டை மாடியில் குழந்தைகளோடு இரவைக் கழித்தவர். இன்றும் ஐப்பசி மழை விடாமல் பெய்தால் அவருக்கு நெஞ்சும் முதுகும் பிடித்துக்கொள்கின்றன. "வீட்டு வேலை செய்ய மனசில்லே, அதான்" என்கிறாராம் மாமியார். பெண்கள் சொல்லும் வலிக்கு வீட்டில் மரியாதை குறைவு. வேஷமென்று ஒதுக்கிவிடுகிறோம். அது மாரடைப்பாகவே இருந்தாலும் அப்படித்தான் ஒதுக்கிவிடுகிறோம். இதைவிடப் பெரிய அபாயம் உண்டா?

என் கருத்து

‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லை நெஞ்சுவலி விஷயத்தில் நாம் எல்லோருமே விட்டுவிட வேண்டும் என்பதே என் கருத்து.

வலி வந்தவுடன் வீட்டார் சொல்லும் ‘ஒன்றுமில்லை, வாயுதான்’ உயிரை எடுக்கிறது. பரிசோதனைக்குப் பிறகு டாக்டர் சொல்லும் ‘ஒன்றுமில்லை, போங்கள்’ நிம்மதியை எடுக்கிறது. என் பெரியப்பா முதல் சொல்லுக்குப் பலியானார். நான் இரண்டாவது சொல்லோடு நாலு மாதம் அலைந்தேன்.

‘ஆஸ்பத்திரியில் அவ்வளவு கூட்டம், உட்கார்ந்து பேச டாக்டருக்கு நேரம் ஏது?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் என்னிடம் முதல் நாளே ஐந்து நிமிடம் பேசியிருந்தால் நான் அத்தனை தடவை போய் அந்தக் கூட்டத்தைப் பெருக்கியிருக்க மாட்டேன். இருதயம் நன்றாக இருப்பவரை அனுப்பும்போது மூன்று விஷயம் சொல்லி அனுப்பலாம். வலி எதனால் வந்தது, மறுபடி வந்தால் என்ன செய்வது, எப்படி வந்தால் உடனே ஓடி வர வேண்டும். டாக்டருக்கு முடியாவிட்டால் நர்ஸ் சொல்லலாம். ஒரு துண்டுத் தாளில் தமிழில் அச்சடித்துக் கொடுக்கலாம்.

‘கவலைதான் காரணம் என்றால் பைத்தியம் என்று பட்டம் கட்டிவிடுவார்கள்’ என்று சிலர் பயப்படுகிறார்கள். சர்க்கரை வியாதியை வெளியே சொல்கிறோம். ரத்தக் கொதிப்பைச் சொல்கிறோம். கவலையையும் அதே போலச் சொல்லப் பழக வேண்டும். வீட்டில் ஒருவர் சொன்னால் மற்றவர்கள் சிரிக்காமல் கேட்கப் பழக வேண்டும்.

எனக்கு இப்போதும் எப்போதாவது அந்த வலி வருகிறது. ரயிலில் பல்லாவரம் வரும். இறங்குவதில்லை. தோளைத் தளர்த்துகிறேன். மெதுவாக மூச்சு விடுகிறேன். கிண்டி வருவதற்குள் வலி போய்விடுகிறது.

பெரியம்மா இன்னும் குரோம்பேட்டையில்தான் இருக்கிறார். சென்ற மாதம் பக்கத்து வீட்டுக்காரர் நெஞ்சு வலிக்கிறது என்று வந்து உட்கார்ந்தாராம். அன்று ‘வேர்த்துவிட்டது, சரியாகிவிடும்’ என்று சொன்ன அதே மனிதர்.

"ஒரு சோடா கொடுங்கம்மா, வாயுன்னு நினைக்கிறேன்" என்றாராம்.

பெரியம்மா சோடா கொடுக்கவில்லை. 108-க்குப் போன் செய்தார்.